மேளமும் மானியமும்: ஒரு நாகசுர குரு–சிஷ்ய திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

2010-களின் பிற்பகுதியில், காவிரிப் படுகையில் உள்ள ஒரு கோயில் ஊரில், தேசிய அளவிலான ஒரு கலை நிறுவனத்தின் உதவியோடு இரண்டு ஆண்டுகள் நடந்த நாகசுரப் பயிற்சித் திட்டத்தின் பதிவு இது. அந்த வட்டாரத்துக் கோயில் வாசிப்பு முறை, அதாவது சுவாமி புறப்பாடு போன்ற சமயங்களில் வாசிக்கும் மல்லாரி வகைகள், நாகசுரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் ரக்தி என்ற உருப்படி, எந்த வீதியில் எதை வாசிப்பது என்ற ஒழுங்கு எல்லாம், மூத்த வித்வான் ஒருவரிடம் மட்டுமே முழுதாக மிஞ்சியிருந்தது. அதை நான்கு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒலிப்பதிவு செய்து வைப்பதும் திட்டத்தின் நோக்கம்.

உள்ளூர் ஒருங்கிணைப்பில் நான் இருந்தேன். வகுப்புக் குறிப்புகள், காலாண்டு அறிக்கைகள், பதிவுகளின் பட்டியல் ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். ஆட்கள், ஊர், நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதுபோன்ற உதவிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் கலைஞர்களுக்கும், இத்தகைய திட்டங்களை வகுக்கும் அலுவலர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது எண்ணம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தில் உருப்படியாக நடந்தவை எல்லாம், உதவி ஒரு வித்வானுக்கு என்று இருந்தது மாறி நாகசுரமும் தவிலும் சேர்ந்த ஒரு மேளத்துக்கு என்று ஆன பிறகு நடந்தவை.

பின்னணி

இந்திய அரசு 1952-இல் ஒரு தீர்மானத்தின் மூலம் சங்கீத நாடக அகாதெமியை உருவாக்கியது. 1953 ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அதைத் தொடங்கிவைத்தார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.வி.இராஜமன்னார் முதல் தலைவர். சமஸ்தானங்களும் ஜமீன்களும் மறைந்துகொண்டிருந்த காலம் அது. சங்கீதத்தை ஆதரிக்க ஆளில்லாமல் போன இடத்தில் அரசு வந்து நின்றது. கர்நாடக இசையில் முதலில் விருது பெற்றவர்கள் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும், வீணை காரைக்குடி சாம்பசிவ ஐயரும். 1955-இல் திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்துக்காகப் பெற்றார். மறு ஆண்டே காலமானார்.

அப்புறம் ஏற்பாடுகள் பெருகின. அகாதெமி ஒலி, ஒளி ஆவணக் காப்பகம் ஒன்றை வளர்த்தது. 1980-களின் நடுவில் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் வந்தன. தெற்கு மண்டலத்தின் மையம் தஞ்சாவூரில் அமைந்தது. குரு–சிஷ்ய முறைக்கு மாதாந்திர உதவி, 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை, 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2006 முதல் பிஸ்மில்லா கான் பெயரில் யுவ புரஸ்கார் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இவை எல்லாமே தேவையான ஏற்பாடுகள். ஆனால் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது கச்சேரி மேடையின் கணக்கு. நடுவில் ஒரு முக்கிய வித்வான், அவருக்குப் பக்கவாத்தியம், எதிரே உட்கார்ந்து கேட்கும் ரசிகர்கள். நாகசுரம் அந்தக் கணக்கில் வளர்ந்த வாத்தியம் அல்ல. இரண்டு நாயனம் (நாகசுரம்), இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, தாளம் எல்லாம் சேர்ந்து ஒரு மேளம். அது கோயில் பிராகாரத்திலும் தேரோடும் வீதியிலும் நின்றும் நடந்தும் வாசிக்கப்பட்டு வந்தது. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு ஒன்று, மடப்பள்ளியிலிருந்து நிவேதனம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி என்று தனித்தனியாக உண்டு. ரக்தியோ நாகசுரத்துக்கென்றே உள்ள உருப்படி. அதை நாயனமும் தவிலும் சேர்ந்துதான் படிப்படியாகக் கட்ட முடியும். ஒருவர் மட்டும் ரக்தி வாசித்தார் என்று சொல்ல வழியே இல்லை.

வித்வானும் ஊரும்

குருவுக்குத் திட்டம் தொடங்கும்போது எழுபதைத் தாண்டியிருந்தது. தந்தையிடமும் பெரியப்பாவிடமும் கற்றவர். பெரிய மேடைகளில் அதிகம் வாசித்ததில்லை. இளமையில் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனம் வாசித்திருந்தாலும், வட்டாரத்தில் எல்லோரையும்போல அவரும் நரசிங்கம்பேட்டையில் செய்த, தாழ்ந்த சுருதியுள்ள நீளமான பாரி நாயனத்துக்கு மாறி நெடுங்காலம் ஆகியிருந்தது. அவரோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த தவில் வித்வான் அவரைவிட மூத்தவர். இவர் அவரை ‘அண்ணே’ என்பார். அவர் இவரைத் ‘தம்பி’ என்பார். இருவருக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. ஒரே மேளத்தில் வாழ்ந்த உறவு.

கோயிலில் அன்றாட பூஜைக்கு மேளம் நின்றுபோயிருந்தது. தீபாராதனை நேரத்தில் மின்சாரத்தில் இயங்கும் மணியும் முரசும் சேர்ந்த கருவி ஒலிக்கும். திருவிழா நாட்களில் மட்டும் இவர்கள் வருவார்கள். அங்கும் புறப்பாட்டில் மல்லாரி சில நிமிடம்தான். ‘சீக்கிரம் கீர்த்தனைக்குப் போங்க’ என்று உபயதாரர்களே கேட்பார்களாம். கீர்த்தனையிலிருந்து சினிமாப் பாட்டுக்கும் போகச் சொல்வார்களாம். நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது ஒரு தேர்த் திருவிழாவில் இவர் வாசித்ததைக் கேட்டார். விண்ணப்பிக்கச் சொன்னது அவர்தான்.

திட்டம் தொடங்கியது

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. குருவுக்கு மாதத் தொகை, ‘துணைக் கலைஞர்’ என்ற தலைப்பில் ஒருவருக்கு அதில் பாதி, நான்கு மாணவர்களுக்குச் சிறிய உதவித்தொகை. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, வருகைப் பதிவேடு, மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ். துணைக் கலைஞர் என்ற இடத்தில் தாளம் போட வரும் உறவுக்காரர் ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. படிவத்தை நிரப்பியவர்கள் வாய்ப்பாட்டு வகுப்பை மனதில் வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். படிவமும் அதற்குத்தான் வாகாக இருந்தது.

மாணவர்களில் ஒருவர் குருவுக்குப் பேரன் முறை, ஏற்கெனவே கல்யாணங்களில் வாசிப்பவர். இன்னொருவர் வேறொரு மரபுக் குடும்பத்துப் பையன், மெல்லிசைக் குழுவோடும் போய்வந்தவர். மூன்றாமவர் பக்கத்துக் கோயிலில் தற்காலிகமாக வாசித்தவர். நான்காவது, மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு முடித்த ஒரு பெண். அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் வாத்தியம் தொட்டதில்லை. மதுரை பொன்னுத்தாய் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெண்களும் நாகசுரத்தில் பெரிய பெயர் வாங்கலாம் என்று காட்டியிருந்தார்கள். இருந்தாலும் ‘ராத்திரி புறப்பாட்டுக்கெல்லாம் பொண்ணு எப்படிப் போகும்?’ என்ற கேள்வி அவள் வீட்டில் இருந்துகொண்டே இருந்தது.

முதல் ஆறு மாதம்: என்ன கண்டோம்

முதலில் தெரிந்தது வருகைக் குறைவு. தை, மாசியில் வகுப்பு பாதி நாள் காலியாக இருந்தது. வைகாசியிலும் ஆனியிலும் அப்படியே. காரணம் எளிது. அவை முகூர்த்த மாதங்கள். ஒரு கல்யாணத்துக்குப் போனால் கையில் வருவது, மாத உதவித்தொகையைவிட அதிகம். அட்வான்ஸ் வாங்கிய தேதியை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார் என்று அந்தப் பையன்களிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. குருவே முகூர்த்தத்துக்குப் போகிறவர்தான். நிறுவனத்திலிருந்து, வருகை போதவில்லை, அடுத்த தவணை நிறுத்தப்படலாம் என்று கடிதம் வந்தது. அந்த அலுவலகத்தின் நிலையில் அது நியாயமான கடிதமே. பதிவேட்டில் உள்ளது மட்டும்தானே அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவதாகக் கண்டது, கொஞ்சம் மெதுவாகப் புரிந்தது. கீர்த்தனைகளையும் ராக ஆலாபனையையும் மாணவர்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். மல்லாரி வரவில்லை. ஸ்வரம் சரியாக இருக்கும், மூன்று வேகங்களில் வாசிக்கும் திரிகாலமும் செய்வார்கள், ஆனாலும் குரு தலையை அசைப்பார். ஒரு நாள் பேரன் முறைப் பையன் கேட்டே விட்டான்.

“எங்க தப்புன்னு சொல்லுங்கய்யா.”

“தப்பு இல்லடா. தவில் இல்லாம உனக்கு எப்படிச் சொல்லித் தர்றது?”

உண்மை அதுதான். மல்லாரி தொடங்கும் முன் தவில் வாசித்துக் களம் அமைக்க வேண்டும். ஒவ்வொரு காலத்திலும் நாயனம் எங்கே மூச்சு எடுப்பது, எங்கே தவிலுக்கு விடுவது, சுவாமி தூக்குபவர்களின் நடைக்கு எப்படி நீட்டுவது என்பதெல்லாம் தவில்காரரோடு நின்றால்தான் பிடிபடும். வகுப்பிலோ சுருதிப் பெட்டியும் தாளமும் மட்டும் இருந்தன. மூத்த தவில் வித்வான் எப்போதாவது வந்து உட்காருவார். அவருக்குத் திட்டத்தில் இடமே இல்லாததால் வரச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது, ஒலிப்பதிவு. முதல் ஆண்டின் பதிவை நகரத்தில் உள்ள ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்தார்கள். குளிரூட்டிய சிறிய அறை. நாகசுரத்தின் ஒலி அந்தச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. ஒலிப்பதிவாளர் மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். வறண்ட காற்றில், நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி அடிக்கடி காய்ந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், எங்கே நிறுத்துவது என்பது. வீதியில் சுவாமி திரும்பும் இடமும், தீபாராதனைக்கு நிற்கும் இடமும் மல்லாரியின் அளவை முடிவுசெய்யும். கூடத்தில் கடிகாரம்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஏழு உருப்படிகள் பதிவாயின. தேர் மல்லாரி நான்கு நிமிடத்தில் முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வளரும் ஒரு பிள்ளைக்குத் தேர் மல்லாரி என்பது நான்கு நிமிட உருப்படி என்றுதான் பதியும். காப்பகத்தில் நூறு ஆண்டு இருக்கப்போகும் பதிவில் இது சின்ன விஷயம் இல்லை.

முடிவுகளும் காரணங்களும்

ஆடி பிறந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். டெல்லியிலிருந்து அந்த அலுவலரும் வந்திருந்தார். குருவை ‘குருஜி’ என்று அழைப்பார். இவர் அவரை ‘அம்மா’ என்பார். நடுவில் நான் மொழிபெயர்த்தேன். கண்டதை எல்லாம் மறைக்காமல் சொன்னோம்.

முதல் முடிவு காலத்தைப் பற்றியது. விதிகளை அலுவலர் உட்கார்ந்து முழுதாகப் படித்தார். மொத்தம் இத்தனை மணி நேரம் பயிற்சி வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. வாரம் மூன்று நாள் என்பது அலுவலக வழக்கம். ஆகவே வகுப்பை முகூர்த்தம் இல்லாத காலத்துக்கு மாற்றினோம். ஆடி முழுவதும், புரட்டாசியில் பெரும்பகுதி, மார்கழி முழுவதும் நாள்தோறும் காலையும் மாலையும் வகுப்பு. மற்ற மாதங்களில் முடிந்தபோது மட்டும். காலாண்டு அறிக்கையில் நாள் கணக்குக்குப் பதிலாக மணிக்கணக்கு எழுதப்பட்டது. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. செலவே இல்லாமல் இந்தத் திட்டத்தில் அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான் என்பேன்.

இரண்டாவது முடிவு தவிலைப் பற்றியது. இது எளிதாக முடியவில்லை. துணைக் கலைஞர் என்ற தலைப்பில் மூத்த தவில் வித்வானைச் சேர்க்கலாம் என்று அலுவலர் சொன்னார். விதிப்படி உடனே செய்யக்கூடியது அது ஒன்றுதான். அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

“துணைக்கு வர்றதுக்கு நான் எதுக்கு? ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் மேளம். அதைக் காகிதத்துல எழுத முடியும்னா வர்றேன்.”

அவர் கேட்டது மரியாதை. தொகையைப் பற்றி அவர் பேசவே இல்லை. நாகசுரக்காரர்களும் தவில்காரர்களும் வீதியில் நின்று வாசித்த காலத்தில், மேடையில் சமமாக உட்கார இடம் கேட்டுப் போராடியவர் இராஜரத்தினம் பிள்ளை என்பதை அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். மேளத்துக்குள்ளேயே இன்னொருவரைப் பாதி ஆளாக எழுதுவது அந்த வரலாற்றுக்குப் பொருந்தாத காரியம். அலுவலர் இதைப் புரிந்துகொண்டு, இருவரையும் இணை குருக்களாக மாற்றும்படி குறிப்பு எழுதினார். அதற்கு மேலிடத்தில் ஒப்புதல் வர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. தொகையைக் கூட்ட முடியாது என்றார்கள். குரு தன் தொகையையும் துணைக் கலைஞர் தொகையையும் ஒன்றாகச் சேர்த்து ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார். அவர் பெருந்தன்மையாகச் செய்தார் என்பதற்காக அது சரியான ஏற்பாடாகிவிடாது. எழுபது வயதுக் கலைஞர் தன் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு தேசியத் திட்டத்தின் குறையைச் சரிசெய்தார் என்பதே நடந்தது.

இணை குரு ஏற்பாட்டோடு இரண்டு இளம் தவில்காரர்களும் வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. கற்க வேண்டும் என்று வந்தவர்கள்.

மூன்றாவது, இரண்டாம் ஆண்டுப் பதிவை மார்கழித் திருவாதிரை உற்சவத்தில், வீதியிலேயே எடுப்பது என்று முடிவானது. அதோடு பகலில் கோயில் மண்டபத்தில் அதே உருப்படிகளைத் தனியாகவும் எடுப்பது. வீதிப் பதிவில் சூழல் இருக்கும், தெளிவு குறையும். மண்டபப் பதிவில் தவிலின் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். கற்பவர்களுக்கு இரண்டும் வேண்டும். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு முதலில் தயங்கியது. இரைச்சல் உள்ள பதிவைக் காப்பகத் தரம் என்று ஏற்க முடியாது என்றார்கள். முதல் ஆண்டுப் பதிவில் இருந்த நான்கு நிமிடத் தேர் மல்லாரியையும், பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ கைப்பேசியில் தேரடியில் எடுத்த பதிவையும் அலுவலர் அவர்களுக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். ஒப்புக்கொண்டார்கள்.

மார்கழித் திருவிழா

பத்து நாள் உற்சவம். கோயில் நிர்வாகத்திடமும் உபயதாரர்களிடமும் முன்கூட்டியே பேசி, புறப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு போடுவதில்லை, ஜெனரேட்டர் வண்டியைச் சுவாமிக்கு வெகு பின்னால் நிறுத்துவது என்று ஏற்பாடு செய்தோம். வெடியை நிறுத்தச் சொல்ல முடியவில்லை. சரி, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

முதல் இரண்டு நாள் யாருக்கும் திருப்தி இல்லை. அதிகாலைப் பனியில் தவில் தோல் தொய்ந்தது. வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கூட்டம் மைக்கைப் பார்த்து விலகி நின்றது, சுவாமிக்கு முன் பெரிய வெற்றிடம். மூன்றாம் நாளிலிருந்து மைக்கைப் பழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். அன்று புறப்பாட்டு மல்லாரி நாற்பது நிமிடத்துக்கு மேல் போயிற்று. கீழ வீதி முடியும்வரை யாரும் கீர்த்தனை கேட்கவில்லை. சுவாமி தூக்கிய இளைஞர்கள் மல்லாரியின் காலத்துக்கு ஏற்பத் தாங்களாகவே நடையை மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை என்று பிறகு கேட்டறிந்தேன். மாணவி அன்று இரண்டாவது நாயனம் வாசித்தாள். அவள் தந்தை நான்கு வீதியும் கூடவே நடந்துவந்தார்.

ரக்தியில்தான் இழப்பு. அதை ஏழாம் நாள் இரவு எடுப்பதாக இருந்தது. இணை குரு ஒப்புதலுக்குக் காத்திருந்த மாதங்களில் மூத்த தவில் வித்வானுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. வகுப்பில் மெதுவாக வாசித்துக் காட்ட முடிந்தது. வீதியில் தவிலைத் தோளில் மாட்டி முழுக் காலத்தில் வாசிக்க முடியவில்லை. ஆறாம் நாளே அவர் சொல்லிவிட்டார். மறுநாள் பகலில் மண்டபத்தில் உட்கார்ந்து, ரக்தியின் தவில் சொற்கட்டு முழுவதையும் வாயால் சொன்னார். குரு மெல்லிய ஒலியில் நாயனம் வாசித்தார். இரண்டு இளம் தவில்காரர்களும் எதிரே உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பதிவுதான் இன்று நம்மிடம் உள்ளது. பயிற்சிக்கு அது பெரிதும் உதவுகிறது. ஆனால் அந்த இருவரும் சேர்ந்து வீதியில் வாசித்த ரக்தி எந்த நாடாவிலும் இல்லை. ஓராண்டு முன்னால் தவிலுக்குப் படிவத்தில் இடம் இருந்திருந்தால் அது பதிவாகியிருக்கும்.

அதன் பிறகு

இரண்டாம் ஆண்டு முடிவில் மாணவர்கள் டெல்லியில் ஒரு அரங்கில் வாசித்தார்கள். நாற்பது நிமிட நிகழ்ச்சி. சங்கீத ரீதியாக அதில் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதன் பலன் வேறு வகையில் வந்தது. தேசிய நிறுவனத்தின் முத்திரையோடு கிடைத்த சான்றிதழ் மாணவியின் வீட்டில் இருந்த கேள்வியை ஓயவைத்தது. உறவினர்கள் அவளைத் தேடிவந்து பார்த்தார்கள். ஊரில் கோயில் நிர்வாகம் குருவையும் தவில் வித்வானையும் அழைத்துப் பரிவட்டம் கட்டியது. முப்பது ஆண்டுகளாக அங்கேயே வாசித்தவர்களுக்கு, டெல்லி சொன்ன பிறகு கிடைத்த மரியாதை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும், தேசிய நிறுவனம் ஒன்றின் கௌரவம் உள்ளூரில் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், அதைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்றே தோன்றுகிறது.

மெல்லிசைக் குழுப் பையன் முதல் ஆண்டிலேயே விலகிவிட்டார். அவருக்கு அங்கே நிலையான வருமானம் இருந்தது. பேரன் முறைப் பையன் இப்போது ஊர்க் கோயிலின் திருவிழா மேளத்துக்குப் பொறுப்பு. பக்கத்துக் கோயிலில் தற்காலிகமாக இருந்தவர் நிரந்தரமானார். மாணவி வானொலித் தேர்வில் ‘பி’ தரம் பெற்று, கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் தன் சொந்தச் செட்டோடு போகிறாள். தவில் கற்ற இருவரில் ஒருவர் அவளுடைய செட்டில்தான் வாசிக்கிறார். மல்லாரி நேரம் அந்த ஊர்த் திருவிழாவில் கூடியிருக்கிறது, மற்ற ஊர்களில் பழையபடியே.

பதிவுகள் யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் ஒரு இழுபறி இருந்தது. காப்பகத்தில் நேரில் போய்த்தான் கேட்கலாம் என்பது விதி. காவிரிக் கரையில் இருக்கும் ஒரு தவில் பையன் டெல்லி போய்க் கேட்க மாட்டான். கலைஞர்களின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, வணிகப் பயன்பாடு இல்லை என்ற நிபந்தனையில், இரு குருக்களின் குடும்பத்துக்கும் கோயிலுக்கும் ஆளுக்கொரு பிரதி தர நிறுவனம் இசைந்தது. இந்தப் பிரதிகளிலிருந்துதான் இப்போது வகுப்பு நடக்கிறது.

மறுபடி செய்தால்

விண்ணப்பமே மேளத்தின் பெயரில் இருக்க வேண்டும். நாகசுரம், தவில் இரண்டுக்கும் சமமான குரு தொகை. தவில் மாணவர்களுக்கும் உதவித்தொகை. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. கேரளத்தின் சம்ஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்துக்காகச் சங்கீத நாடக அகாதெமி 1991-இல் தொடங்கிய ஏற்பாட்டில், நடிகரோடு மிழாவு என்ற முரசு வாசிப்பவரையும் சேர்த்து, பயிற்சி, அரங்கேற்றம், ஆவணம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தார்கள். பத்து ஆண்டுகளில் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் அரிய பாரம்பரியமாக அறிவித்தது. நாகசுர மேளத்துக்கும் அப்படி ஒரு பார்வை வேண்டும் என்று எங்கள் இறுதி அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

வயது மூத்த கலைஞர்கள் இருக்கும் திட்டங்களில் பதிவை முதலில் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு பதிவு என்ற வரிசை அலுவலகத்துக்கு ஒழுங்காகத் தெரியும், தோளுக்கும் மூச்சுக்கும் அது தெரியாது. ஒப்புதல் தாமதமாகும் என்றால், அந்த இடைவெளியில் செலவழிக்க ஒரு சிறிய தொகை கள அலுவலரின் கையில் இருக்க வேண்டும். எங்களிடம் அது இருந்திருந்தால் ஐப்பசியிலேயே தவில் வித்வானை அழைத்துப் பதிவு செய்திருப்போம்.

வாத்தியத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாயனம் செய்யத் தேவையான நல்ல ஆச்சா மரம் கிடைப்பது கடினமாகிவிட்டது. பழைய வீடுகளில் கழற்றிய மரத்தைத் தேடி வாங்கிச் செய்கிறார்கள். எங்கள் மாணவி முதல் ஆண்டு முழுவதும் இரவல் நாயனத்தில்தான் கற்றாள். சீவாளி வாங்கும் செலவும் மாணவர்களுடையதே. உதவித்தொகையில் கணிசமான பங்கு அதற்கே போனது.

வகுப்புக் காலத்தை நிதியாண்டோடு கட்டாமல் பஞ்சாங்கத்தோடு கட்ட வேண்டும். இதற்குத் தனி ஆணை எதுவும் தேவையில்லை. பயிற்சி மணிக்கணக்கில் அளக்கப்படும் என்று வழிகாட்டுக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். எங்கள் அறிக்கைக்குப் பிறகு அந்த நிறுவனம் இதை மட்டும் தன் நாகசுர, தவில் திட்டங்களுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. இணை குரு தொகை பற்றிய பரிந்துரை இன்னும் பரிசீலனையில் உள்ளது.